வெளியூரிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள்: மைக்ரோடிக் ரவுட்டரில் வயர்கார்டு வி.பி.என். அமைக்கும் முறை

அலுவலகக் கணினியில் டேலி இருக்கிறது; கணக்கரோ மாதக் கடைசியில் வீட்டிலிருந்தபடி அதைத் திறக்க வேண்டியிருக்கிறது. கடையில் கேமராப் பதிவுக் கருவி ஓடுகிறது. உரிமையாளர் வெளியூரில் இருக்கும்போதும் அதைப் பார்க்க விரும்புகிறார். இத்தகைய தேவை வந்ததும் பெரும்பாலோர் செய்வது, ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசலைத் திறந்து, வெளியிலிருந்து வருவதை நேரே அந்தக் கணினிக்குத் திருப்பிவிடுவதுதான். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் வேலை என்பதால் இது எங்கும் பரவியிருக்கிறது. ஆனால், விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இணையத்தை நோக்கித் திறந்துவைத்தவர் சில நாள் கழித்து அந்தக் கணினியின் பாதுகாப்புப் பதிவுகளைப் பார்த்தால், முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து கடவுச்சொல்லை ஊகித்து நுழைய முயன்ற முயற்சிகள் வரிசையாக நிற்பதைக் காண்பார்.

ரவுட்டரையே தொலைவிலிருந்து நிர்வகிப்பதற்காக வின்பாக்ஸ் என்ற மைக்ரோடிக் நிர்வாகச் செயலியின் 8291 போர்ட்டைத் திறந்துவைத்தவர்களுக்கு நேர்ந்தது இன்னும் மோசமானது. அந்தச் சேவையில் இருந்த ஓர் ஓட்டை வழியாக, கடவுச்சொல் அறியாதவர்களும் ரவுட்டரின் பயனர் கோப்பைப் படிக்க முடியும் என்பது 2018 ஏப்ரலில் தெரியவந்தது. மைக்ரோடிக் நிறுவனம் 6.42.1 பதிப்பில் அதை உடனே அடைத்துவிட்டபோதிலும், புதுப்பிக்கப்படாமல் கிடந்த ரவுட்டர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் அந்த ஆண்டுக்குள் பிறர் கைக்குப் போயின. அவற்றின் வழியே சென்ற இணையப் பக்கங்களில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல்கள் செருகப்பட்டன. எனவே உள்ளே இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வாசல் வைக்காமல், ரவுட்டரில் ஒரே வாசல் வைத்து, சாவி உள்ளவருக்கு மட்டும் அதைத் திறப்பதே முறை. தொலைவிலிருந்து நுழைவதற்கான வி.பி.என். என்பது அந்த ஒரே வாசல்தான்.

இந்த வழிகாட்டி, சிறு அலுவலகங்களில் பரவலாகப் பயன்படும் மைக்ரோடிக் ரவுட்டரில் வயர்கார்டு முறையை வின்பாக்ஸ் திரையின் வழியே அமைப்பதைப் பற்றியது. ரவுட்டர் வேறாக இருந்தாலும் திரையின் பெயர்கள்தாம் மாறும். பின்னால் உள்ள கணக்கு மாறாது.

ஏன் வயர்கார்டு என்பதை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய ரவுட்டர்களில் எளிதாகக் கிடைக்கும் பி.பி.டி.பி. என்ற வி.பி.என். முறையைத் தொடவே கூடாது. அதன் கடவுச்சொல் சரிபார்ப்பை உடைத்துக் காட்டியது 2012-லேயே நடந்துவிட்டது, ஆப்பிள் நிறுவனம் 2016-இல் ஐஓஎஸ் 10 வெளியானபோது அதைத் தன் கருவிகளிலிருந்து நீக்கியும் விட்டது. ஐபிசெக் மேல் ஓடும் எல்.டூ.டி.பி. பாதுகாப்பானதாகவே அமைக்கப்படலாம் என்றாலும், அதில் இரு முனையும் ஒத்துப்போக வேண்டிய அமைப்புகள் அதிகம். ஓபன்வி.பி.என். நம்பகமானது; சான்றிதழ்களை உருவாக்கிப் பராமரிக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு இன்றும் நல்ல தேர்வு. ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கி, 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னலின் 5.6 பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்ட வயர்கார்டில் தேர்வுகளே மிகக் குறைவு. இரு முனைகளும் ஆளுக்கொரு சாவி இணையை (வெளியே தரக்கூடிய பொதுச் சாவி, மறைத்துவைக்க வேண்டிய தனிச் சாவி) வைத்துக்கொண்டு, பொதுச் சாவிகளைப் பரிமாறிக்கொண்டால் போதும். மைக்ரோடிக்கில் இது அதன் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 7 முதல்தான் உண்டு. உங்கள் ரவுட்டர் இன்னும் 6-இல் இருந்தால், 'சிஸ்டம்' பட்டியலில் 'பேக்கேஜஸ்' சென்று, 'செக் ஃபார் அப்டேட்ஸ்' திரையில் 'அப்கிரேட்' என்ற சேனலைத் தேர்ந்து முதலில் 7-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முன் பேக்கப் எடுத்து, அந்தக் கோப்பை ரவுட்டருக்கு வெளியே ஒரு கணினியில் வைத்திருப்பது அவசியம்.

வேலையைத் தொடங்கும் முன்: உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறதா?

வி.பி.என். அமைத்துத் தோற்றுப்போகிறவர்களில் பெரும்பாலோர் வி.பி.என். அமைப்பில் தவறு செய்வதில்லை. வெளியிலிருந்து வரும் பாக்கெட் (இணையத்தில் செல்லும் தகவலின் சிறு பொட்டலம்) அவர்களுடைய ரவுட்டரின் வாசல்வரை வந்து சேருவதே இல்லை. அது தெரியாமல் சாவிகளை மாற்றி மாற்றி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே ஐந்து நிமிடம் செலவிட்டு இதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

வின்பாக்ஸில் 'ஐ.பி.' பட்டியலில் 'அட்ரசஸ்' திரையைத் திறந்து, இணையம் வரும் இடைமுகத்துக்கு, அதாவது முதல் ஈதர்நெட் போர்ட்டுக்கோ, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு இணையும் பி.பி.பி.ஓ.இ. இணைப்புக்கோ, எந்த முகவரி கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு அலுவலகக் கணினியின் உலாவியில் 'என் ஐ.பி. என்ன' என்று தேடி, வெளியுலகம் உங்களை எந்த முகவரியில் காண்கிறது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கவலை இல்லை. வேறுபட்டால், ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் முகவரியின் தொடக்க எண்கள் காரணத்தைச் சொல்லிவிடும்.

அது 192.168 என்று தொடங்கினால், பெரும்பாலும் இணைய சேவை நிறுவனம் பொருத்திய ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டராகவும் வேலை செய்துகொண்டிருக்கிறது. உங்கள் மைக்ரோடிக் அதன் பின்னால் இரண்டாவது ரவுட்டராக நிற்கிறது. அந்தப் பெட்டியை, ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றித் தரச் சொல்லி, பி.பி.பி.ஓ.இ. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மைக்ரோடிக்கிலேயே இடுவதுதான் நேரான தீர்வு. அவர்கள் இணங்காவிட்டால், அந்தப் பெட்டியில் நாம் பயன்படுத்தப்போகும் யு.டி.பி. போர்ட்டை மட்டும் மைக்ரோடிக்கின் முகவரிக்குத் திருப்பிவிடலாம். இந்த இடத்தில் போர்ட்டைத் திருப்புவது தவறில்லை, ஏனெனில் மறுமுனையில் நிற்பது சாவி இல்லாதவருக்குத் திறக்காத வயர்கார்டு.

முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்டதாக இருந்தால் நிலைமை வேறு. 2012-இல் இணைய சேவை நிறுவனங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட இந்த வரிசை, ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருவதற்கானது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கதவிலக்கம் தெரியாமல் கட்டடத்தின் முகவரியை மட்டும் எழுதிய கடிதம் போல, வெளியிலிருந்து வரும் பாக்கெட் அந்நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும். அது உங்கள் ரவுட்டரில் செய்யும் எந்த மாற்றத்தாலும் தீராது. சில நிறுவனங்கள் 10 என்று தொடங்கும் முகவரியையும் இதே நோக்கில் தருகின்றன.

அப்போது வழிகள் நான்கு. சேவை நிறுவனத்திடம் கட்டணம் கட்டி நிலையான பொது முகவரி வாங்குவது அலுவலகங்களுக்கு மிகப் பொருத்தமானது. பின்னால் மிச்சமாகும் நேரத்தைக் கணக்கிட்டால் அது செலவே அல்ல. இரு முனைகளிலும் ஐ.பி. 6-ஆம் பதிப்பு கிடைக்குமானால் அதன் வழியே இணையலாம். ஆனால் நுழைபவர் தங்கும் விடுதியின் வைஃபையில் அது இல்லாமல் போகலாம் என்பதால் இதை மட்டும் நம்புவது சரியல்ல. பொது முகவரி கொண்ட வாடகை சர்வர் ஒன்றை நடுவில் வைத்து, ரவுட்டரும் கைபேசியும் அதனுடன் இணையும்படி செய்யலாம். கடைசியாக, ரவுட்டர்ஓஎஸ் 7.12 முதல் ஏ.ஆர்.எம். செயலி கொண்ட ரவுட்டர்களில் உள்ள 'பேக் டு ஹோம்' வசதி, நேரடியாக இணைய முடியாதபோது மைக்ரோடிக்கின் இடைநிலை சர்வர் வழியே இணைத்துத் தரும். வீட்டுக்கு இது போதும்.

பொது முகவரி இருந்தும் அது அவ்வப்போது மாறுமானால், 'ஐ.பி.' பட்டியலில் 'கிளவுட்' திரையைத் திறந்து 'டி.டி.என்.எஸ்.' வசதியை இயக்குங்கள். ரவுட்டரின் வரிசை எண்ணில் தொடங்கும் ஒரு நீண்ட பெயர் அங்கே தோன்றும். முகவரி மாறினாலும் அந்தப் பெயர் புதிய முகவரியையே காட்டும். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ரவுட்டர் இன்னொரு ரவுட்டரின் பின்னால் இருப்பதாகத் தெரிந்தால் அதே திரை எச்சரிக்கையும் தரும். மேலே செய்த சோதனைக்கு அதுவும் ஒரு சாட்சி.

எண்களைத் தேர்தல்

இரண்டு எண் வரிசைகள் தேவை. ஒன்று, ஏற்கெனவே இருக்கும் உள் நெட்வொர்க். மைக்ரோடிக்கின் இயல்பான அமைப்பில் அது 192.168.88.0/24 (/24 என்றால் 192.168.88 என்று தொடங்கும் முகவரிகள் அனைத்தும்), ரவுட்டர் 192.168.88.1 என்ற முகவரியில் இருக்கும். இதை மாற்றாமல் இருப்பதே நல்லது. பலர் பழக்கத்தால் 192.168.1 என்றோ 192.168.0 என்றோ மாற்றிவிடுகிறார்கள். உலகின் பாதி வீடுகளும் விடுதிகளும் அதே எண்ணில்தான் இருக்கின்றன. நீங்கள் அமர்ந்திருக்கும் வீட்டின் வைஃபையும் 192.168.1, அலுவலகமும் 192.168.1 என்றால், 192.168.1.20 என்ற அலுவலக சர்வரைக் கேட்கும்போது உங்கள் மடிக்கணினி அது பக்கத்து அறையில் இருப்பதாக எண்ணி அங்கேயே தேடும். வி.பி.என். பாதையான சுரங்கத்துக்குள் போகவே போகாது. அலுவலகம் ஏற்கெனவே அந்த எண்ணில் இயங்கினால், விடுமுறை நாளொன்றில் அதை மாற்றிவிடும்படி நான் வற்புறுத்துவேன்.

மற்றொன்று, வி.பி.என்.னுக்கென்றே ஒரு புதிய வரிசை. உள் நெட்வொர்க்கோடு மோதாத எதுவும் சரி. இந்த வழிகாட்டியில் 10.66.77.0/24 என்று வைத்துக்கொள்வோம். ரவுட்டருக்கு 10.66.77.1, முதல் கைபேசிக்கு 10.66.77.2, அடுத்த மடிக்கணினிக்கு 10.66.77.3 என்று வரிசையாகக் கொடுத்து, எது யாருடையது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டரில் செய்ய வேண்டியவை

வின்பாக்ஸின் மேல் ஓரத்தில் 'சேஃப் மோடு' என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திவிட்டு வேலையைத் தொடங்கினால், ஏதோவொரு மாற்றத்தால் உங்கள் இணைப்பே அறுந்துபோனாலும், அதுவரை செய்தவற்றை ரவுட்டர் தானாகத் திரும்பப் பெற்றுக்கொள்ளும். ஃபயர்வாலில் கைவைக்கும் எந்த வேலைக்கும் இது பொருந்தும். வேலை முடிந்து எல்லாம் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகு அதே பொத்தானை மீண்டும் அழுத்தி விடுவிக்க மறக்கக் கூடாது. மறந்து வின்பாக்ஸ் துண்டிக்கப்பட்டால் செய்ததெல்லாம் போய்விடும்.

இடப்பக்கப் பட்டியலில் 'வயர்கார்டு' என்பதைத் திறந்து, கூட்டல் குறியை அழுத்துங்கள். பெயர், எம்.டி.யு. (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச பைட் அளவு) 1420, 'லிசன் போர்ட்' 13231 என்று இயல்பான மதிப்புகள் நிரப்பப்பட்டிருக்கும். பொதுவாக வயர்கார்டு வழிகாட்டிகளில் 51820 என்ற எண்ணைக் காண்பீர்கள். மைக்ரோடிக் 13231-ஐ வைத்திருக்கிறது. எதுவானாலும் எல்லா இடத்திலும் ஒரே எண்ணாக இருந்தால் போதும். 'அப்ளை' அழுத்தியதும் ரவுட்டர் தன் சாவி இணையைத் தானே உருவாக்கிக்கொள்ளும். 'பப்ளிக் கீ' என்ற கட்டத்தில் தோன்றும், சமக் குறியில் முடியும் 44 எழுத்துத் தொடரை ஒரு குறிப்புக் கோப்பில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். இது யார் கண்ணில் பட்டாலும் பரவாயில்லை. அதன் மேலே உள்ள 'பிரைவேட் கீ' ஒருபோதும் பிறர் கைக்குப் போகக் கூடாது.

அடுத்து 'ஐ.பி.' பட்டியலின் 'அட்ரசஸ்' திரையில் 10.66.77.1/24 என்ற முகவரியைச் சேர்த்து, இடைமுகமாக இப்போது உருவாக்கிய வயர்கார்டைத் தேருங்கள். சாய்கோட்டுக்குப் பிந்தைய 24-ஐ விட்டுவிட்டால், ரவுட்டருக்கு அந்த வரிசையின் மற்ற முகவரிகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று தெரியாமல் போகும்; பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தும் பதில் மட்டும் வராது.

இப்போது ஃபயர்வால். 'ஐ.பி.' பட்டியலில் 'ஃபயர்வால்' திரையின் 'ஃபில்டர் ரூல்ஸ்' பகுதியில் புதிய விதி ஒன்றைச் சேர்க்க வேண்டும்: 'செயின்' என்பதில் 'இன்புட்', 'புரோட்டோகால்' என்பதில் யு.டி.பி., 'டெஸ்டினேஷன் போர்ட்' என்பதில் 13231, 'ஆக்ஷன்' என்பதில் 'அக்செப்ட்'. இத்தோடு வேலை முடியவில்லை. புதிய விதி பட்டியலின் கடைசியில் போய் உட்காரும். ரவுட்டரோ விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, பொருந்திய முதல் விதியிலேயே நின்றுவிடும். இயல்பான அமைப்பில், உள் நெட்வொர்க்கிலிருந்து வராத எல்லாவற்றையும் தள்ளிவிடும் ஒரு 'டிராப்' விதி இன்புட் வரிசையின் முடிவில் இருக்கிறது. நம் விதி அதற்குக் கீழே இருந்தால் அதன் முறை வரவே வராது. எனவே அதைச் சுட்டியால் பிடித்து இழுத்து, அந்த 'டிராப்' விதிக்கு மேலே விடுங்கள்.

வீட்டுக்கு மட்டும் அமைக்கிறீர்கள், நுழையப்போவது நீங்களும் குடும்பத்தாரும்தான் என்றால், 'இன்டர்ஃபேசஸ்' திரையின் 'இன்டர்ஃபேஸ் லிஸ்ட்' பகுதியில் வயர்கார்டு இடைமுகத்தை 'லேன்' பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அப்படிச் செய்தால், சுரங்கத்தின் வழியே வருபவரை ரவுட்டர் வீட்டுக்குள் இருப்பவராகவே நடத்தும், டி.என்.எஸ். (பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை), வின்பாக்ஸ் எல்லாம் கிடைக்கும். அலுவலகமாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள்; காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

கைபேசியில் செய்ய வேண்டியவை

ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், விண்டோஸ், மேக் நான்குக்கும் வயர்கார்டு செயலி இலவசமாகக் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியை எடுத்துக்கொள்வோம். செயலியில் கூட்டல் குறியை அழுத்தி, புதிதாக உருவாக்கும் தேர்வை எடுத்தால் இரண்டு பகுதிகள் தோன்றும்.

மேல் பகுதி கைபேசியைப் பற்றியது. அங்கே சாவியை உருவாக்கும் குறியை அழுத்தினால் கைபேசிக்கான இணை பிறக்கும். 'அட்ரசஸ்' என்ற கட்டத்தில் 10.66.77.2/32 (/32 என்றால் அந்த ஒரே முகவரி) என்று எழுதுங்கள். டி.என்.எஸ். கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விடலாம். கீழ்ப்பகுதி ரவுட்டரைப் பற்றியது. அங்கே ரவுட்டரின் பொதுச் சாவியை ஒட்ட வேண்டும். 'எண்ட்பாயின்ட்' கட்டத்தில் நிலையான பொது முகவரியையோ கிளவுட் திரை தந்த நீண்ட பெயரையோ எழுதி, முக்காற்புள்ளி இட்டு, 13231 என்று முடிக்க வேண்டும். 'அலவ்டு ஐ.பி.ஸ்' கட்டத்தில் 10.66.77.0/24, 192.168.88.0/24 என்ற இரண்டையும் காற்புள்ளியால் பிரித்து எழுதுங்கள். இந்த இரண்டு வரிசைகளுக்கான போக்குவரத்து மட்டுமே சுரங்கத்துக்குள் செல்லும், மற்ற இணையம் வழக்கம்போல் நேரே போகும். 'பர்சிஸ்டென்ட் கீப்அலைவ்' என்பதில் 25 என்று இட்டால், கைபேசி 25 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு பாக்கெட் அனுப்பி வழியைத் திறந்தே வைத்திருக்கும். அலுவலகப் பக்கத்திலிருந்து கைபேசியை அழைக்கும் தேவை இல்லாவிட்டால் இதைக் காலியாக விட்டு மின்கலத்தைச் சற்று மிச்சப்படுத்தலாம்.

எல்லா இணையப் போக்குவரத்தும் அலுவலகம் வழியே போக வேண்டும் என்றால் 'அலவ்டு ஐ.பி.ஸ்' கட்டத்தில் 0.0.0.0/0 என்று எழுதலாம். விமான நிலைய வைஃபை போன்ற இடங்களில் அது பயன்தரும். ஆனால் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு காணொளியும் அப்போது அலுவலக இணைப்பின் அப்லோட் வேகத்தைத் தின்னும் என்பதை நினைவில் வையுங்கள்.

இனிக் கைபேசியின் பொதுச் சாவியை ரவுட்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைக் கையால் பார்த்துத் தட்டச்சு செய்ய முயலாதீர்கள். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்த 44 எழுத்துகளில் ஒன்று பிசகினாலும் போதும். நகலெடுத்து, மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். பொதுச் சாவி என்பதால் அதில் ஆபத்து இல்லை. வின்பாக்ஸில் வயர்கார்டு திரையின் 'பியர்ஸ்' பகுதியில் புதிய பதிவைச் சேர்த்து, இடைமுகத்தைத் தேர்ந்து, அந்தச் சாவியை ஒட்டி, 'அலவ்டு அட்ரஸ்' என்பதில் 10.66.77.2/32 என்று எழுதுங்கள். கைபேசி எங்கிருந்து வரும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால் 'எண்ட்பாயின்ட்' கட்டம் இங்கே காலியாகவே இருக்க வேண்டும். 'கமென்ட்' என்பதில் யாருடைய எந்தக் கருவி என்று எழுதிவைப்பது ஓராண்டு கழித்து உங்களுக்கே உதவும்.

புதிய பதிப்புகளில் ரவுட்டரே கைபேசிக்கான சாவியையும் உருவாக்கி க்யூ.ஆர். குறியீடாகக் காட்டும். வசதியானதுதான்; என்றாலும் தனிச் சாவி பிறந்த கருவியிலேயே இருப்பதை நான் விரும்புகிறேன்.

ஒரு கருவிக்கு ஒரு சாவி என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நேரம் மிச்சம் என்று ஒரே அமைப்பை இரண்டு கைபேசிகளில் நகலெடுத்தால், கடைசியாகப் பேசிய கருவிதான் அந்தச் சாவியின் உரிமையாளர் என்று ரவுட்டர் எண்ணிக்கொள்ளும். இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இணைப்பு வந்து வந்து போகிறது என்ற புகார்களில் சில இந்த வகைதான்.

சோதிப்பது எப்படி

அலுவலக வைஃபையில் இருந்தபடி சோதிக்கக் கூடாது. முதன்முறை இதை அமைத்தபோது நான் அப்படித்தான் சோதித்தேன்; இணைந்தது, மகிழ்ந்தேன், வீட்டுக்குப் போய்த் திறந்தால் ஒன்றுமே வரவில்லை. உள்ளிருந்து வரும் பாக்கெட்டை ஃபயர்வால் எப்படியும் அனுமதிக்கும் என்பதால், 13231-க்கான விதி தவறான இடத்தில் இருந்ததை அந்தச் சோதனை மறைத்துவிட்டது. கைபேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் மட்டும் சோதியுங்கள்.

செயலியில் பொத்தானைத் தள்ளியதும் இணைந்துவிட்டதுபோல் காட்டும். அதை நம்ப வேண்டாம். வயர்கார்டில் 'இணைந்தது' என்றொரு நிலையே கிடையாது. பொத்தான் காட்டுவது கைபேசியில் இடைமுகம் எழுந்துவிட்டது என்பதை மட்டுமே. உண்மையைச் சொல்வது 'லாஸ்ட் ஹேண்ட்ஷேக்' என்ற வரி. கைபேசியின் உலாவியில் 192.168.88.20 போன்ற ஓர் உள் முகவரியைத் திறக்க முயன்றுவிட்டு, செயலியிலோ ரவுட்டரின் பியர்ஸ் பகுதியிலோ அந்த வரியைப் பாருங்கள். அங்கே சில நொடிகள் என்று காட்டினால் இரு முனைகளும் ஒன்றையொன்று அறிந்துகொண்டன. பயன்பாடு தொடரும்வரை ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படும்.

கைகுலுக்கல் நடக்கவே இல்லை என்றால், அனுமானத்தில் எதையும் மாற்றாமல் ஃபில்டர் ரூல்ஸ் பகுதிக்குச் சென்று, நாம் சேர்த்த 13231 விதியின் பாக்கெட் எண்ணிக்கையைப் பாருங்கள். கைபேசியில் பொத்தானை அணைத்துப் போடும்போது அந்த எண்ணிக்கை ஏறினால், பாக்கெட் வாசல்வரை வந்துவிட்டது. தவறு சாவிகளில் இருக்கிறது. அறியாத சாவியோடு வருபவருக்கு வயர்கார்டு மறுப்புக்கூடச் சொல்லாமல் மௌனமாக இருந்துவிடும் என்பதால் வேறு எந்தப் பிழைச்செய்தியும் கிடைக்காது. எண்ணிக்கை ஏறாமல் பூச்சியத்திலேயே நின்றால், சாவிகளைத் தொடவே வேண்டாம். பாக்கெட் வந்து சேரவில்லை. விதி 'டிராப்'புக்குக் கீழே இருக்கிறதா, ஃபைபர் பெட்டி தடுக்கிறதா, பொது முகவரி உண்மையிலேயே உங்களுடையதா என்று அந்த வரிசையில் பாருங்கள்.

கைகுலுக்கல் நடந்தும் எதுவும் திறக்காதபோது

முதலில் 10.66.77.1-ஐ பிங் செய்து பாருங்கள். பதில் வந்தால் சுரங்கம் நன்றாக இருக்கிறது. சிக்கல் அதற்கு அப்பால். அலுவலகக் கணினி மட்டும் பதில் தரவில்லை என்றால் அதன் விண்டோஸ் ஃபயர்வாலைச் சந்தேகியுங்கள். கோப்புப் பகிர்வு போன்றவற்றுக்கான அதன் இயல்பான விதிகள், தன் சொந்த வரிசையான 192.168.88-இலிருந்து வரும் கோரிக்கையை மட்டுமே ஏற்கும், 10.66.77.2 அதற்கு அந்நியன். அந்த விதியின் 'ஸ்கோப்' பகுதியில் 10.66.77.0/24-ஐச் சேர்த்தால் தீர்ந்தது.

கேமராப் பதிவுக் கருவி பதில் தரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் வேறு. அதைப் பொருத்தியவர் ஐ.பி. முகவரியைக் கையால் இட்டுவிட்டு, கேட்வே (வெளி வரிசைகளுக்குப் போகும் வழியான ரவுட்டரின் முகவரி) கட்டத்தைக் காலியாகவோ பழைய ரவுட்டரின் எண்ணிலோ விட்டிருப்பார். உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்வே தேவையில்லை என்பதால் இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கும். அதில் 192.168.88.1 என்று இட வேண்டும். அந்தக் கருவியின் கடவுச்சொல்லே யாருக்கும் நினைவில்லை என்ற நிலை இருந்தால், ரவுட்டரில் முகவரிகளை மாற்றி அனுப்பும் 'நேட்' பகுதியில், 10.66.77.0/24-இலிருந்து வந்து உள் பிரிட்ஜ் வழியே வெளியேறுபவற்றுக்கு 'மாஸ்கரேட்' விதி ஒன்றைச் சேர்க்கலாம். கேட்பவர் ரவுட்டரே என்று கருவி எண்ணிக்கொண்டு பதில் தரும். எந்தக் கோரிக்கை யாருடையது என்று கருவியின் பதிவுகளில் பிரித்தறிய முடியாமல் போவது அதற்கான விலை.

சிறிய பக்கங்கள் திறந்து, பெரிய கோப்புகள் மட்டும் பாதியில் நின்றால் எம்.டி.யு.வைப் பாருங்கள். வயர்கார்டின் 1420 என்பது 1500 பைட் செல்லும் பாதையைக் கருதி வைக்கப்பட்டது; பி.பி.பி.ஓ.இ. இணைப்பில் 1492-தான் செல்லும், சில மொபைல் இணைப்புகளில் அதைவிடக் குறைவு. கைபேசியில் 1280 என்று இட்டுப் பார்த்து, சரியாகிவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். நேற்றுவரை வேலை செய்து இன்று திடீரென்று நின்றுபோனால், அலுவலகத்தின் முகவரி மாறியிருக்கலாம்; செயலி, பெயருக்குரிய முகவரியைப் பொத்தானைத் தள்ளும் நேரத்தில்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ஒருமுறை அணைத்துப் போட்டால் புதிய முகவரியைப் பிடித்துக்கொள்ளும்.

யாருக்கு எவ்வளவு திறப்பது

அலுவலகத்தில் வயர்கார்டு இடைமுகத்தை லேன் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்றேன். சேர்த்தால், கணக்கரின் மடிக்கணினியிலிருந்து ரவுட்டரின் வின்பாக்ஸ் வாசல்வரை வர முடியும். அந்த மடிக்கணினி களவுபோனால் எடுத்தவரும் வர முடியும். பலர், கைபேசியில் 'அலவ்டு ஐ.பி.ஸ்' கட்டத்தில் ஒரே ஒரு சர்வரின் முகவரியை மட்டும் எழுதிவிட்டு, அணுகலைக் கட்டுப்படுத்திவிட்டதாக நினைக்கிறார்கள். அந்தக் கட்டம் அவர் கையில் இருக்கிறது. நாளை அவரே மாற்றி எழுதிக்கொள்ளலாம். கட்டுப்பாடு ரவுட்டரில்தான் இருக்க முடியும்.

அதற்கு, ஃபயர்வாலின் 'ஃபார்வர்டு' வரிசையில் இரண்டு விதிகள் போதும். கணக்கரின் 10.66.77.3-இலிருந்து டேலி இருக்கும் 192.168.88.20-க்குச் செல்பவற்றை ஏற்பது முதல் விதி, 10.66.77.0/24-இலிருந்து வரும் மற்ற அனைத்தையும் தள்ளிவிடுவது இரண்டாவது. ஏற்கெனவே நிறுவப்பட்ட இணைப்புகளை ஏற்கும் இயல்பான விதிக்குக் கீழே இவற்றை வையுங்கள். நிர்வாகியான உங்கள் 10.66.77.2-க்கு மட்டும் இன்புட் வரிசையில் தனியாக ஓர் 'அக்செப்ட்' விதியை, மீண்டும் அந்த 'டிராப்' விதிக்கு மேலே, சேர்த்துக்கொண்டால் வின்பாக்ஸும் உங்களுக்குக் கிடைக்கும். ஃபார்வர்டு வரிசையிலும் உங்கள் முகவரிக்கு ஓர் அனுமதி தேவைப்படும். கிளை அலுவலகம் ஒன்றையே முழுதாக இணைக்க நினைத்தால், பியர் பதிவில் அதன் உள் வரிசையைச் சேர்ப்பதோடு 'ஐ.பி.' பட்டியலின் 'ரூட்ஸ்' திரையிலும் அதற்கு வழி எழுத வேண்டும். மைக்ரோடிக் அதைத் தானாகச் செய்வதில்லை.

சுரங்கம் வேலை செய்யத் தொடங்கியதும், முன்பு திறந்துவைத்த 3389, 8291, கேமரா போர்ட்கள் ஆகியவற்றை நேட் பகுதியிலிருந்தும் ஃபில்டர் பகுதியிலிருந்தும் நீக்கிவிடுங்கள். இதைத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம், 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று. பிறகு பேக்கப் ஒன்றைக் கடவுச்சொல் இட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ரவுட்டரின் தனிச் சாவி இருக்கிறது. ரவுட்டர் பழுதாகி அதே வகையில் புதியது வாங்க நேர்ந்தால், அந்தச் சாவியைப் புதிய ரவுட்டரின் வயர்கார்டு இடைமுகத்தில் இட்டால், யாருடைய கைபேசியிலும் சாவியை மாற்ற வேண்டியிருக்காது. ஆனால் கிளவுட் தந்த பெயர் பழைய வரிசை எண்ணோடு போய்விடும் என்பதால், அதைப் பயன்படுத்தியவர்கள் 'எண்ட்பாயின்ட்' வரியை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஊழியர் ஒருவர் விலகினாலோ கைபேசி தொலைந்தாலோ, பியர்ஸ் பகுதியில் அவருடைய பதிவைத் தேர்ந்து சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்துங்கள். மற்றவர்களின் இணைப்பு எதுவும் அறுபடாமல், அந்த ஒரு சாவி மட்டும் அந்த நொடியிலேயே செல்லாததாகிவிடும்.